பதினேழு லிட்டரும் இரண்டு குவளையும்

"நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க! தொய்யட்டும்!"

தொய்யவில்லை. முப்பத்தோராவது வரி முப்பதாவது வரியின் மேல் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. முப்பத்திரண்டாவது அதன் மேல். இயந்திரக் கை சுவரின் கோடிக்குப் போய்த் திரும்பி, இரண்டு விரல் தடிமனுக்கு ஈரச் சிமெண்டுக் கலவையைப் பிதுக்கிக்கொண்டே வந்தது. பம்புக்குப் பக்கத்தில் நின்று அவள் குழாயை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. தட்டச் சொன்னார்கள், தட்டினாள். சுவர் தொய்ந்த அன்றைக்கும் தட்டினாளாம்.

சுவருக்கு எதிரே குந்தியிருந்த கட்டிடக் கலைஞர் எழுந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் அது நின்றது. வேறு எந்தக் கட்டிட வேலையிலும் இதற்கு ஒரு சபாஷ் கிடைத்திருக்கும்.

"பத்தொன்பதாவது தடவை," என்றார். "உடைச்சிருங்க."

உடைப்பதும் அவள் வேலைதான். கலவை இறுகுவதற்குள் மண்வெட்டியால் வெட்டித் தள்ள வேண்டும். மூன்று வாரமாகக் காலையில் கலக்குகிறாள், மதியம் வெட்டித் தள்ளுகிறாள். பட்டறையின் பின்பக்கம் குவிந்து கிடக்கும் சிமெண்டில் ஒரு வீடு கட்டியிருக்கலாம். நேரான சுவர்கள் வைத்த வீடு.

"அக்கா, அன்னைக்கு ஜன்னல் திறந்திருந்ததா?" என்று கேட்டான் காலர். இயந்திரக் கைக்குப் புரோகிராம் எழுதுகிறவன். வருஷக்கணக்கில் திரையைப் பார்த்துக் குனிந்ததில் கழுத்து போய், வெள்ளைக் காலர் பட்டை மாட்டியிருந்தான். பட்டறையில் அதுவே பெயராகிவிட்டது. அவளுக்குப் பெயர் பம்பு அக்கா.

"பாதி திறந்திருந்தது. நேத்தும் கேட்டீங்க தம்பி. நேத்தும் பாதிதான்."

"என்ன நிறச் சட்டை போட்டிருந்தீங்க?" என்று கேட்டார் கட்டிடக் கலைஞர்.

"சட்டையா சார்?"

"எதையும் விட முடியாது."

"இதே பச்சைதான். துவைச்சேன். அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

அவர் கனவு இதுதான். ஆற்று மண் படிந்து படிந்து கல்லாகிறது. இந்த இயந்திரமும் வரி வரியாகத்தான் படிய வைக்கிறது. அப்படியானால் கட்டிடமும் பாறையைப் போல உருவாகட்டும். மலையைக் குடைந்து போட்ட சாலையோரம் ஒன்றில் நாலு நாள் தங்கி, வெட்டுப்பட்ட பாறையை அங்குலம் அங்குலமாக அளந்து வந்திருந்தார். பக்கவாட்டில் நெருக்குண்ட பாறையில் அடுக்குகள் மடிந்து, போர்வைபோல் சுருண்டிருந்தனவாம். அந்த மடிப்பு அவருக்குச் சுவரில் வேண்டும். காலர் ஒரு வருஷம் முயன்றான். கணினி போட்ட மடிப்பெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. "பொய்," என்பார் அவர். உடைப்பார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மருத்துவமனை வாசலில் வைக்கப்போகும் காத்திருப்புக் கூடத்தின் முதல் சுவரில், அது தானாக வந்தது. முப்பத்தோராவது வரியிலிருந்து ஐந்து வரிகள் மெல்லத் தொய்ந்து, வயிறு தள்ளி, உள்வாங்கி நின்றன. மேலே வந்த வரிகள் அந்த வளைவைப் பின்பற்றிப் படுத்தன. கட்டிடக் கலைஞர் அதன் முன் முட்டி போட்டார். சுவர் விழப்போகிறது, தாங்கிப் பிடிக்கிறார் என்று நினைத்து அவளும் ஓடினாள்.

"தொடாதீங்க!" என்று கத்தினார். பிறகு, கண் கலங்கி, "அற்புதம்," என்றார். கூடத்தின் மற்ற எட்டுச் சுவரிலும் அதே மடிப்பு வேண்டும் என்றார்.

ஏன் தொய்ந்தது என்று அந்த இடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் பத்தொன்பது வயதில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் சேர்ந்தாள். பதினொரு வருஷம். ஈரக்காற்று அடிக்கும் நாளில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், மாவு பழசானால் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். தொழிற்சாலை ஊருக்கு வெளியே போனபோது இவள் போகவில்லை. ஓடு ஒட்டும் பசைத்தூளை மூட்டை கட்டும் இடத்தில் ஏழு வருஷம். தூசியில் இருமல் வந்தது. பிறகு இந்தப் பட்டறைக்குப் பெருக்க வந்தாள். ஆறு மாதத்தில் பம்பு இயக்குபவர் கட்டிடக் கலைஞரைக் காட்டி, "இந்த ஆளு கல்லு, நான் மனுஷன், எங்களுக்குள்ள ஒத்து வராது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிற வழியில் அவளுக்கு வேலையைக் காட்டிக் கொடுத்தார். நாலு மூட்டைத் தூளுக்குப் பதினேழு லிட்டர் தண்ணீர். கலந்த நேரத்தையும் அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"காலையிலேயே முழு நாளுக்கும் எழுதி வச்சிரும்மா," என்றார். "அப்புறம் கை ஈரமாயிரும். பேப்பர் கிழியும். எப்படியும் பதினேழுதானே."

ஐந்தரை வருஷம் அப்படியே எழுதினாள். எட்டு மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணி வரைக்குமான பதினேழுகளை வரிசையாகப் போட்டுவிடுவாள். பதிவேட்டுக்கு மேலே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தவறான பதிவு செய்பவர் உடனடியாக நீக்கப்படுவார். ஐந்தரை வருஷத்தில் அவள் அதைப் படித்ததில்லை. இந்த மூன்று வாரத்தில் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு நாற்பதுக்குப் பம்பின் முள் சிவப்பைத் தொட்டது. பழைய மூட்டைகள், கட்டி தட்டிய தூள். குழாய் அடைத்தால் நாற்பது அடியையும் கழற்றிக் குச்சி விட்டுக் குத்திக் கழுவ மூன்று மணி நேரம். நீலப் பிளாஸ்டிக் குவளை பக்கத்தில் இருந்தது. கைப்பிடி உடைந்தது, அரை லிட்டர் பிடிக்கும். இரண்டு குவளை தண்ணீரை அள்ளிக் கலவையில் ஊற்றினாள். முள் இறங்கியது. சற்று நேரத்தில் சுவருக்கு வயிறு வந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அவர் "அற்புதம்" என்றுவிட்டார். மறுநாள் அது "கண்டுபிடிப்பு" ஆகியிருந்தது. அந்த வாரக் கடைசியில் படம் நாலு நாட்டுக்குப் போயிருந்தது. அடுத்த வாரம் அவளுடைய நிரந்தர வேலை உத்தரவு அவர் மேசைக்கு வந்தது. ஆறு வருஷமாகத் தினக்கூலி. மாதக் கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தத் தாள் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடப்பதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டு போனாள். பேப்பர்வெயிட்டும் ஒரு கல்தான். அடுக்கு அடுக்காக இருந்தது.

தண்ணீர் கூடினால் வலு குறையும். இது பட்டறையில் பூனைக்கும் தெரியும். ஆனால் வலு பார்க்கும் கனசதுரக் கட்டிகளைக் காலை முதல் கலவையில்தான் வார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமைக் காலைக் கட்டிகள் நன்றாகத் தேறியிருந்தன. காகிதத்தில் சுவர் இரும்பு.

பத்தொன்பதாவது சுவரை வெட்டித் தள்ளிவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாள். சிமெண்டு நகக்கண்ணில் நின்றது. மூன்றாவது மாடி, இரண்டு அறை. சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம் சுழலும்போது பாத்திரங்கள் எல்லாம் நடுங்கும். நாத்தனார் அதன்மேல் ஒரு காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மடியில் யாருடையதோ கால்சட்டையை வைத்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடைக் கடையில் அளவு திருத்திக் கொடுக்கும் வேலை அவளுக்கு. கணவனை விட்டு வந்து மூன்று வருஷம். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கருத்துக்குப் பஞ்சம் இல்லை.

"எத்தனை ஆச்சு அண்ணி?"

"பத்தொன்பது."

"எங்க கடையில ஒரு கால் நீளம், ஒரு கால் கட்டையா நான் தச்சுக் குடுத்து, வந்தவன் 'ஆஹா, இதே மாதிரி இன்னும் எட்டு குடு'ன்னா எப்படி இருக்கும்! காலம் பூரா அவனுக்கே தச்சுட்டுப் போயிருவேன்."

"நீ வாயை மூடு. எனக்குத் தலை வலிக்குது."

"நீங்க மூடுங்க. அதைத்தான் நானும் சொல்றேன். இன்னும் எட்டு நாள். ஆர்டரைக் கையில வாங்குங்க. அப்புறம் சொல்லுங்க, சொல்லாம போங்க."

"அதுக்குள்ள சுவரைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்திருவாங்க."

"நிறுத்தட்டும். மூணு வாரமா நிக்குதுல்ல? இனிமேலும் நிக்கும்."

"இப்ப யாரும் சாயல. அங்க சாய்வாங்க."

மூன்று வருஷத்துக்கு முன் தன் கணவனுக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது பம்பு அக்கா அதே மருத்துவமனை வாசலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உட்கார இடம் கிடைத்தவர்கள் சாய்ந்தார்கள். கிடைக்காதவர்கள் நின்றபடி சாய்ந்தார்கள். காத்திருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்.

"ஊருல எல்லாக் கட்டிடத்தையும் நீங்கதான் கட்டினீங்களா அண்ணி?"

"அந்த அஞ்சு வரியை நான்தான் கட்டினேன்."

நாத்தனார் ஊசியைக் கால்சட்டையில் குத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீ ஏதாவது சொல்லேன்."

கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். சொந்தப் பெட்டிக்கு அடியில் ஒழுகும் தண்ணீருக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லி இந்த வீட்டுல எது நடந்திருக்கு," என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் சுவரைப் பார்க்க வந்தார்கள். கட்டிடக் கலைஞர் மடிப்புக்குக் கீழே ஒரு பலகை பொருத்தியிருந்தார். "இது நாங்க வரைஞ்சது இல்ல. பூமி எப்படிச் செய்யுமோ அப்படி, தானா வந்தது," என்றார். "உக்காந்து பாருங்க."

தலைமைச் செவிலி நல்ல கனமான பெண். உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து முழுப் பாரத்தையும் மடிப்பில் சாய்த்தாள்.

"அட, முதுகுக்கு இதமா இருக்கே! நாலு மணி நேரம் நின்னுட்டு வரேன். இப்படியே தூங்கிருவேன்."

கண்ணை மூடினாள். துடைப்பத்தோடு ஓரமாக நின்ற பம்பு அக்கா அவள் தோளைப் பார்த்தாள். கருநீல உடையில் சாம்பல் நிறப் பொடி ஒரு கோடாக இறங்கியது. உப்பு தூவியதைப் போல.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன?" என்றார் கட்டிடக் கலைஞர்.

"துடைக்கணும் சார்."

செவிலி எழுந்து தோளைத் தட்டிக்கொண்டாள். "புதுசு, அப்படித்தான் இருக்கும்," என்றார் அவர். பம்பு அக்கா துடைக்கவில்லை. துடைத்தால் இன்னும் வரும். இன்னொரு பொய் சேர்ந்ததுதான் மிச்சம் என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அவர்கள் வண்டி வாசலைத் தாண்டியதும் போய்ச் சொன்னாள்.

"சார், அன்னைக்கு ரெண்டு குவளை தண்ணி கூட ஊத்தினேன்."

அவர் அவளைப் பார்த்தார்.

"எத்தனை?"

"ரெண்டு."

"எந்தக் குவளை?"

என்னென்ன கேட்பார் என்று மூன்று வாரமாகப் பதில்கள் தயார் செய்திருந்தாள். அதில் இது இல்லை. போய் நீலக் குவளையைக் கொண்டுவந்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர் கோப்பையைப் பிடிப்பதுபோல் உயர்த்திப் பிடித்தார்.

"காலர்! இங்க வாங்க! தண்ணிங்க! வெறும் தண்ணி!"

காலர் உடம்பு மொத்தத்தையும் திருப்பிப் பார்த்தான். "மூணு வாரமா நான் காத்து ஈரத்தை அளந்துட்டிருக்கேன் அக்கா," என்றான்.

"ரெஜிஸ்டர்ல பதினேழுன்னு எழுதிட்டேன். காலையிலயே எழுதி வச்சிடறது."

"ரெஜிஸ்டர் கிடக்கட்டும்!" என்றார் கட்டிடக் கலைஞர்.

கிடக்கட்டுமாம். இருபத்து நாலு நாள் சோறு இறங்கவில்லை. அறிவிப்பை மனப்பாடம் செய்திருக்கிறாள். கிடக்கட்டுமாம்.

"சார், தண்ணி கூடினா வலு குறையும்."

"பாறையில மட்டும் எல்லா அடுக்கும் ஒரே வலுவா? இளகின அடுக்குதான் மடியும். அதுதான் இயற்கை."

"இயற்கையில பாறை விழுது சார்."

"அதெல்லாம் லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை."

"மலை ரோட்டுல மழை பேஞ்சா வாரத்துக்கு ஒரு தடவை விழுது. போர்டே வச்சிருக்காங்க. நீங்க நாலு நாள் தங்கின ரோட்டுலயும் வச்சிருப்பாங்க."

வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அவர் பேச்சை மாற்றினார். "நாளைக்குக் காலையில இரண்டாவது சுவர். இரண்டு நாற்பதுக்கு இல்ல, சரியா முப்பத்தோராவது வரியில. இதே குவளை. எட்டு சுவருக்கும் இப்படியே."

அவள் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடி, இரண்டு நாற்பதுக்கு எதிரே இருந்த பதினேழை அடித்துப் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நாளைக்கான பக்கத்தைத் திறந்தாள். நின்றபடியே எழுதினாள். இரண்டாவது சுவர், முப்பத்தோராவது வரி. இரண்டு குவளை கூடுதல். சொன்னவர். அதற்கு எதிரே இடம் விட்டுப் பேனாவை நீட்டினாள்.

"என்ன இது?"

"கையெழுத்து போடுங்க சார்."

"நான் எதுக்கு? இது உங்க ரெஜிஸ்டர்."

"பதினேழு என்னுது சார். ரெண்டு குவளை இனிமே உங்களுது."

பேனாவை வாங்கினார். பக்கத்தைப் படித்தார். தலையைத் தூக்கியபோது சுவரில் இருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. அதையும் படித்தார். அவரும் முதல் தடவையாகத்தான் படிக்கிறார் என்று தோன்றியது. மருத்துவமனை, செவிலி, கண்ணை மூடிய முகம், இதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பேனாவின் மூடியைப் போட்டார்.

"இதைக் கொஞ்சம் யோசிப்போம்," என்றார்.

"அன்னைக்கு யோசிக்காம ஊத்தினது நான்தான் சார். அதான் கேக்கறேன்."

காலர் இதற்குள் சுவருக்குப் போயிருந்தான். சாவியை எடுத்து இருபதாவது வரியில் கீறினான். கீச்சென்றது, கோடு விழவில்லை. மடிப்பில் கீறினான். சத்தமே இல்லை. சாவி நகம் அளவு உள்ளே போனது. பலகை மேல் ஒரு சிட்டிகைப் பொடி குவிந்தது.

"சார்," என்றான்.

கட்டிடக் கலைஞர் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். சாயவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப்போல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மடிப்புலேர்ந்து ஒரு துண்டு எடுத்து நசுக்கிப் பாருங்க," என்றார் கடைசியில். குவளை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ஆர்டர் சார்?" என்று அவள் கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"அது மேனேஜ்மெண்ட் சொல்லணும். ரெஜிஸ்டரை அவங்களுக்குக் காட்டணும்ல."

"நீங்கதானே சார் கிடக்கட்டும்னீங்க."

அவர் குவளையைப் பலகை மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். ஒன்பது மணிக்கு முடிவு வந்தது. சதுர மில்லிமீட்டருக்கு முப்பது நியூட்டன் தாங்க வேண்டிய இடத்தில் மடிப்பு பன்னிரண்டுதான் தாங்கியது. முதல் சுவரை ரம்பம் வைத்து மூன்று துண்டாக அறுத்து வெளியே கொண்டுபோனார்கள். நாற்பது நிமிடம் ஆனது. பத்தரை மணிக்கு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவேட்டில் தவறான பதிவு. தானாக முன்வந்து சொன்னதால் நீக்கம் இல்லை. நிரந்தர உத்தரவு ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள். வேறு பம்பு ஆள் கிடைக்காததால்தான் நீக்கவில்லை என்றான் காலர். கட்டிடக் கலைஞர் பதினொரு மணிக்கு வந்தார். மடிப்பைக் கணினியிலேயே மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார். குவளைகளைப் பட்டறையிலிருந்து அகற்றும்படி புது அறிவிப்பு ஒட்டப்பட்டது. அவள் பதினொரு தடவை கலந்தாள். ஒவ்வொரு தடவையும் கலந்த பிறகு எழுதினாள். ஈரக்கை பட்டுப் பக்கம் இரண்டு இடத்தில் கிழிந்தது. இரண்டாவது சுவர் நேராக வந்தது. அவர் உடைக்கச் சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பம்பைக் கழுவினாள். குழாயைக் கழுவ முக்கால் மணி நேரம் ஆனது.